சொல்லின் நீளமும் கணினியின் நினைவும்

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்று கேட்டால், இரண்டாம் ஆண்டு மாணவனும் மூன்று என்று விடை தருவான். அதே சொல்லைப் பைத்தான் என்னும் கணினி மொழியில் இட்டு நீளம் கேட்டால் 5 என்று வருகிறது. சுவிஃப்ட் என்னும் வேறொரு மொழி 3 என்கிறது. சொல்லை ஒரு கோப்பில் சேமித்து அதன் அளவைப் பார்த்தால் 15 பைட்டு என்று காட்டுகிறது. சொல் ஒன்று, விடை மூன்று. இவற்றுள் ஒன்றும் பிழையன்று என்பதுதான் வியப்பு.

நம் பள்ளிகளில் நிரல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விடத்தில் இடறி விழுவதைக் காண்கிறோம். கணினி சொல்வதே சரி என்று ஒதுங்கிக்கொள்வோர் சிலர். கணினிக்குத் தமிழ் தெரியாது என்று மாணவனைத் தேற்றுவோர் பலர். முன்னது இலக்கணத்தை விட்டுக்கொடுப்பது. பின்னது கணினியை அறியாமல் விடுவது. மாணவன் இரண்டாலும் ஒன்றும் பெறுவதில்லை. ஆதலின் கணினி எதனை அளக்கிறது என்பதை அடியிலிருந்து நோக்குவோம்.

ஒரே சொல்லுக்குப் பல அளவு கூறுவது நமக்குப் புதிதன்று. இலக்கணம் கற்ற நாம் சொல்லை இரண்டு கோல்களால் அளந்து வந்திருக்கிறோம். ஒன்று எழுத்தெண்ணிக்கை, மற்றொன்று மாத்திரை. 'தமிழ்' எழுத்தால் மூன்று, மாத்திரையால் இரண்டரை. இவ்விரண்டும் முரண்படுகின்றன என்று எவரும் சொல்வதில்லை. பூக்கடையில் சரத்தை முழம் போட்டு வாங்குகிறோம். பூக்களை எண்ணி வாங்குவதில்லை. நெருக்கிக் கட்டிய சரத்தில் பூ மிகுதி, இடைவிட்டுக் கட்டியதில் குறைவு. முழம் மட்டும் ஒன்றே. கணினியில் வரிசையாக வைத்த எழுத்துக்களின் தொடருக்கும் தமிழில் சரம் என்றே பெயரிட்டுள்ளோம். அச்சரத்தின் நீளம் கேட்கும்போது, பூவை எண்ணுவதா முழம் போடுவதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கணினி மொழிகளுள் பல இதனைத் தெளிவாகக் கூறாமல் 'நீளம்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன. குழப்பம் முழுவதும் அங்கே பிறக்கிறது.

இனி நினைவகத்தைப் பார்ப்போம். தோட்டத்து லயங்களை நினைவிற்கொள்க. ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண். கணினியின் நினைவகமும் அத்தகையதே. ஒவ்வொரு வீடும் ஒரு பைட்டு. அதனுள் 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஏதேனும் ஒன்றைக் குடிவைக்கலாம். எழுத்தை எழுத்தாகவே வைக்க வழியில்லை. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணை வீட்டில் வைக்கிறோம். ரோமன் எழுத்துக்கள் பெரியனவும் சிறியனவும் சேர்ந்து 52. இலக்கங்களையும் குறிகளையும் கூட்டினாலும் 128க்குள் அடங்கிவிடும். ஆகவே ஓர் எழுத்துக்கு ஒரு வீடு போதுமானது. முதல் கணினி மொழிகளை அமைத்தோர், எழுத்தெண்ணிக்கையும் பைட்டெண்ணிக்கையும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே. அவர்தம் மொழிக்கு அஃது உண்மையுங்கூட.

சரம் எங்கே முடிகிறது என்பதைக் கணினிக்கு அறிவிக்க இரண்டு வழிகள் தோன்றின. முதல் வீட்டிலேயே சரத்தின் நீளத்தை எழுதி வைப்பது ஒரு வழி. டர்போ பாஸ்கல் என்னும் மொழி இம்முறையைக் கையாண்டது. ஒரு வீட்டில் 255க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஆதலின் அம்மொழியில் சரம் 255 பைட்டைத் தாண்டாது. மற்றொரு வழி, எழுத்துக்கள் முடிந்த இடத்தில் சுழியம் என்னும் காவற்காரனை நிறுத்துவது. சி மொழி இம்முறையது. ஐந்து பைட்டுச் சொல்லுக்கு ஆறு வீடு ஒதுக்க வேண்டும் என்று சி மொழிப் பாடத்தில் மாணவர்க்கு வற்புறுத்துவது இக்காவற்காரனுக்காகவே.

சி மொழியின் முறையில் நீளத்துக்கு வரம்பு இல்லை. ஆனால் ஒதுக்கிய வீடுகளுக்கு வரம்பு உண்டு. எட்டு வீடு ஒதுக்கிவிட்டுப் பத்துப் பேரைக் குடியேற்றினால், எஞ்சிய இருவரும் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைவர். கணினியும் தடுக்காது, அங்கிருந்தவை அழிந்துபோகும். இது வெறுங்கதையன்று. 1988 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு மாணவர் இணையத்தில் பரவவிட்ட நிரல், கணினிகளுள் நுழையக் கையாண்ட வழிகளுள் ஒன்று இதுதான். 512 பைட்டு ஒதுக்கப்பட்ட இடத்துக்கு அந்நிரல் 536 பைட்டை அனுப்பிற்று. மிகுந்த 24 பைட்டு, கணினி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்னும் கட்டளை இருந்த இடத்தையே மாற்றிவிட்டது. அளவு பாராமல் வாங்கிக்கொள்ளும் அந்தக் கட்டளைச் சொல்லைச் சி மொழியின் தரவிதிகளிலிருந்து நீக்கினர். ஆனால் நீக்கியது 2011இல். பின்வந்த மொழிகள் இவ்வகையில் விழிப்புடையன. ஜாவாவில் சரத்தின் நீளம் 2,147,483,647ஐக் கடக்க இயலாது. பைத்தானில் நினைவகம் உள்ளவரை செல்லலாம். மாணவன் எழுதும் கட்டுரை இவ்வரம்புகளின் அருகே கூடச் செல்லாது. நமக்கு இடர் தருவன சிறிய வரம்புகளே. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

தமிழ் எழுத்து இந்த லயத்தில் எப்படிக் குடியேறியது? நம் எழுத்துக்கள் 247. ஒரு பைட்டில் இருப்பது 256 எண்கள். அவற்றுள் பாதி ரோமனுக்கும் குறிகளுக்கும் போய்விட்டது. எஞ்சிய 128இல் 247ஐ வைப்பது எப்படி? இந்த நெருக்கடி கணினிக்கு முன்பே தட்டச்சில் எழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை அமைத்தபோது, உயிர்மெய்யைத் துண்டுகளாகப் பிரித்து விசைகளில் வைத்தார். 'கோ' என்று அடிக்க மூன்று தட்டு: கொம்பு, ககரம், கால். 1990களில் உலகத் தமிழர் கூடி அமைத்த டிஸ்கி என்னும் குறியீட்டு முறையும், 1999இல் தமிழ்நாட்டரசு அறிவித்த டாப், டாம் முறைகளும் இதே வகையில் வரிவடிவத்தை எண்ணாக்கியவை. பழைய தட்டச்சுக்காரர்களுக்கு அவை பழகிய வழி.

இன்று உலகம் முழுவதும் வழங்குவது யூனிகோடு. அதன் முதற்பதிப்பு 1991இல் வந்தது. தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு முறையைத் தழுவி அமைந்தமையால், தேவநாகரியின் போக்கு தமிழிலும் புகுந்தது. தொல்காப்பியர் மெய்யை முதலாகக் கொண்டார். புள்ளி பெற்று நிற்பதே மெய்யின் இயல்பு. உயிர் சேர்ந்தபோது உயிர்மெய் பிறக்கும். யூனிகோடு இதனைத் தலைகீழாக வைத்தது. அகரமேறிய ககரமே அங்கு முதல். மெய் வேண்டுமானால் ககரத்தின்பின் புள்ளி என்னும் தனிக்குறியைச் சேர்க்க வேண்டும். ஆகவே 'க' ஓர் இடம், 'க்' இரண்டு இடம், 'கி' இரண்டு இடம். 'தமிழ்' என்பதில் தகரம் ஒன்று, மகரமும் இகரக்குறியும் இரண்டு, ழகரமும் புள்ளியும் இரண்டு, ஆக 5. பைத்தான் கூறிய விடை இதுவே. சுவிஃப்ட், சார்ந்து வரும் குறிகளை முதலெழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணுவதால் 3 என்கிறது.

இனி அந்த 15. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக மாற்றும் முறைகளுள் இன்று மிகப் பரவியது யூ.டி.எஃப்.-8. கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் 1992இல் இதனை வகுத்தனர். 127 வரையுள்ள எண்ணுக்கு ஒரு பைட்டு, 2047 வரை இரண்டு, 65,535 வரை மூன்று, அதற்குமேல் நான்கு. தமிழ் 2944இல் தொடங்குவதால் நம் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ஐந்து மூன்று பதினைந்து. இங்கே இலக்கணத்துக்கு மாறான ஒரு காட்சி தோன்றுகிறது. அரை மாத்திரை பெறும் 'க்' ஆறு பைட்டை அடைக்கிறது. ஒரு மாத்திரை பெறும் 'க' மூன்றோடு நின்றுவிடுகிறது. ஒலியில் குறுகியது நினைவகத்தில் நீண்டிருக்கிறது.

நம் மாவட்டத்தின் பெயரையே அளந்து பார்ப்போம். 'கோலசிலாங்கூர்' எழுத்தால் 7, மாத்திரையால் 9. யூனிகோடு குறியீடு 13, பைட்டு 39. இதனையே மலாய் மொழியில் ரோமன் எழுத்தால் எழுதினால், இடைவெளி உட்பட 14 பைட்டு. ஜாவியில் 11 எழுத்தும் ஓர் இடைவெளியும். ஜாவி எழுத்துக்களின் எண்கள் 2047க்கு உட்பட்டவை ஆதலின் 23 பைட்டு. சீனத்தில் ஐந்து எழுத்து, எழுத்துக்கு மூன்றாக 15. நான்கு எழுத்து முறைகளிலும் ஒரே ஊர், நம்முடையதே பெரியது. இது கண்டு எவரும் நமக்கு அநீதி இழைத்தார் என்று கொதிக்க வேண்டுவதில்லை. எண் வரிசையில் நாம் நிற்கும் இடம் ஒரு காரணம். அசை ஒன்றுக்கே பல குறியீடு தேவைப்படுவது மற்றொன்று. சீனத்துக்கும் எழுத்துக்கு மூன்று பைட்டுதான். ஆனால் ஓர் எழுத்தே ஓர் அசையாக நிற்பதால் அவர்க்குச் செலவு குறைகிறது. நம்மூர்ப் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பெயர் மாற்றியோர் பைட்டுக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் தமிழில் 52 பைட்டாக இருந்தது 37 ஆகச் சுருங்கிவிட்டது!

நினைவகம் மலிந்துவிட்ட இந்நாளில் சில பைட்டு மிகுந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். சேமிப்பதற்கு ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் தகவல் பட்டியல்களை அமைப்போர் பெயருக்கு 20, முகவரிக்கு 100 என்று கட்டம் ஒதுக்கிவிடுகின்றனர். அந்த எண் எதனைக் குறிக்கிறது? சில அமைப்புக்களில் குறியீட்டை, சிலவற்றில் பைட்டை. ரோமனில் எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு கண்ணில் படாது. நமக்கு அது மும்மடங்கு. 'நைகல் கார்ட்னர் தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று எழுதிப் பாருங்கள். எழுத்து 19, இடைவெளி 3. தாளில் பார்த்தால் சிறிய பெயர்தான். பைட்டோ 102. நூறு பைட்டுக் கட்டத்தில் இறுதி இகரக்குறி நுழைய இடமில்லை. அங்கே எஞ்சுவது 'தமிழ்ப்பள்ள'. 'முருகன்' என்னும் பெயர் 21 பைட்டு. 20 பைட்டுக் கட்டத்தில் புள்ளி போய் 'முருகன' ஆகும். வெட்டும் நிரல் கவனமற்றதாயின், குறியீட்டின் நடுவே வெட்டி, கேள்விக்குறியோ வெற்றுக்கட்டமோ ஒன்றை வாலில் ஒட்டிவிடும். ஆங்கிலப் பெயரில் ஓரெழுத்துக் குறைந்தால் பெயர் குறைந்தது என்று தெரியும். தமிழில் புள்ளி போனால் பெயர் குறைந்ததாகவே தோன்றாது. அப்பெயரை எழுதியவருக்குத் தமிழ் தெரியாதது போலத் தோன்றும்.

இத்தகைய ஒன்று எங்கள் பள்ளிக்கும் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பரிசளிப்பு விழாவுக்கென வெளியே கொடுத்து அச்சிட்டு வந்த சான்றிதழ்களில், நீண்ட பெயருடைய மூன்று பிள்ளைகளின் பெயர்கள் இறுதியில் சிதைந்திருந்தன. அச்சிட்டோர் எழுத்துருக் கோளாறு என்றனர். பட்டியல் தட்டியவர் மீது பழி போட்டோரும் உண்டு. மூன்று பெயரையும் குறியீடு குறியீடாக எண்ணிப் பார்த்ததில், மூன்றும் சரியாக 20இல் நின்றிருந்தன. எழுத்துருவுக்கு அத்தனை ஒழுங்காகக் கோளாறு வராது. நிரலில் இருந்த 20 என்னும் எண்ணை மாற்றியதும் பெயர்கள் முழுமையாக வந்தன. பிள்ளைகளுள் ஒருத்தி தன் பழைய சான்றிதழையும் திருப்பித் தர மறுத்து வைத்துக்கொண்டாள், வேடிக்கைக்காம்.

கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இதே கணக்குத்தான். ஒரு செய்திக்கு 140 பைட்டு. ரோமன் எழுத்தை ஏழு பிட்டில் நெருக்கி வைப்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத்து ஒன்று இடையில் வந்தாலும் செய்தி முழுவதும் குறியீட்டுக்கு இரண்டு பைட்டு முறைக்கு மாறிவிடும். அப்போது அடங்குவது 70. ரோமனில் நம் ஊர்ப் பெயரை இடையில் கோடின்றி 11 முறை எழுதலாம்; தமிழில் 5 முறை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005 பொங்கலை ஒட்டிச் செல்லினத்தை வெளியிட்டுக் கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்தபோது, தமிழில் எழுதியவர்கள் இச்சிறிய கட்டத்துக்குள்ளேதான் எழுதினர்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஓகாரக்குறியை யூனிகோடு ஒரே குறியீடாகவும் வைத்துள்ளது. கொம்பு, கால் என இரண்டாகவும் எழுத இடங்கொடுத்துள்ளது. கண்ணுக்கு இரண்டும் 'கோ'வே. ஆனால் முன்னதால் எழுதிய 'கோலசிலாங்கூர்' 13 குறியீடு. பின்னதால் எழுதியது 14. இரண்டும் ஒன்றா என்று கணினியைக் கேட்டால் அல்ல என்னும். 'ஸ்ரீ'யில் இச்சிக்கல் இன்னும் முற்றியது. ஸகரத்தைக் கொண்டு எழுதுவோரும் உளர். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டு எழுதுவோரும் உளர். திரையில் பெரும்பாலும் ஒரே வடிவந்தான். மாணவர் பட்டியலில் ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை என்று நம் பள்ளி அலுவலகங்களில் இருப்போர்க்குத் தெரியும். தேடினால் கிடைக்காத பிள்ளையைப் புதிதாகப் பதிவு செய்துவிடுகின்றனர். ஒரு பிள்ளை இரண்டாகிறது. ஓகாரச் சிக்கலைத் தீர்க்கப் பைத்தான் முதலிய மொழிகளில் வடிவங்களை ஒருமைப்படுத்தும் கருவி உண்டு. ஸ்ரீக்கு அக்கருவி உதவாது. எந்த ஸ்ரீயை எழுதுவது என்று பள்ளியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்று 247க்கும் இடம் கொடுத்துவிட்டால் என்ன என்று வினவலாம். அவ்வாறு அமைந்ததே டேஸ்-16 என்னும் முறை. 2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்றபோது இதனையும் மாற்றுமுறையாக ஏற்றது. அதில் 'கோலசிலாங்கூர்' ஏழே எண்; எண்ணுக்கு இரண்டு பைட்டாக 14. இலக்கணத்தோடு பொருந்திய கணக்கு. ஆயினும் அது யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கென விட்ட பகுதியில் குடியிருக்கிறது. பொதுவாக வழங்கும் கைப்பேசிகளும் தேடுபொறிகளும் அதனை அறியா. இலக்கண அழகுக்காகப் பேச்சுத்துணை இல்லாத வீட்டுக்குக் குடிபோவது எனக்கு உடன்பாடன்று. நினைவகச் சிக்கனம் என்னும் காரணமும் இன்று வலுவிழந்தது. பைத்தானையே பாருங்கள். 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பு முதல், சரத்திலுள்ள மிகப் பெரிய எண்ணுக்கேற்ப எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம் தருகிறது. ஆயிரம் ரோமன் எழுத்துக்கு ஆயிரம் பைட்டு. அதனுள் ஒரு 'க' வந்துவிட்டால் ஏறத்தாழ ஈராயிரம். ஒரு சிரிப்புப்படம் வந்தாலோ நாலாயிரம். கணினிகள் இதனைப் பொருட்படுத்துவதே இல்லை.

வகுப்பில் இதனைக் கற்பிக்க எளிய பயிற்சி ஒன்று சொல்வேன். ஊர்ப் பெயர்களை எழுதி, எழுத்து, மாத்திரை, குறியீடு, பைட்டு என்னும் நான்கையும் மாணவர் முதலில் கையால் கணக்கிடட்டும். பின்னர் நிரலால் ஒப்பிடட்டும். 'ஈஜோக்' நல்ல சொல். எழுத்து 3, குறியீடு 5, பைட்டு 15. 'தமிழ்' என்பதற்கும் அவையே. கணினியின் எந்தக் கோலுக்கும் இரண்டு சொல்லும் ஒரே நீளம். மாத்திரையிலோ 'தமிழ்' இரண்டரை, 'ஈஜோக்' நாலரை. மாத்திரையைக் காணும் கட்டளை எந்தக் கணினி மொழியிலும் ஆயத்தமாக இல்லை. மாணவரே எழுத வேண்டும். புள்ளி வந்தால் அரை, நெடிற்குறி வந்தால் இரண்டு, ஏனையவற்றுக்கு ஒன்று என்று பத்து வரியில் எழுதிவிடுவர். பிறகு 'நாடு', 'தலைவன்' என்னும் சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். குற்றியலுகரத்தையும் ஐகாரக்குறுக்கத்தையும் நிரலுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அவர்கள் கேட்கும்போது, இலக்கண நூலை மேசைமேல் எடுத்து வைக்கலாம்.